தமிழ்க் கணினியும் இயங்குதள மாற்றமும்: திருச்சி, ஸ்ரீரங்கம் வழியாக ஒரு வரலாறு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அமைந்த தீவு நகரம் ஸ்ரீரங்கம். இந்த ஊர்ப்பெயரின் முதலெழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கிறது. ‘ஸ்’, ‘ரீ’ இரண்டும் சேர்ந்தது ஒரு விதம். ‘ஶ்’, ‘ரீ’ இரண்டும் சேர்ந்தது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். ஆனால் ஒரு பட்டியலில் தேடும்போது, இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி நிரல் எழுதப்படவில்லை என்றால், ஒரு விதத்தில் எழுதியவருக்கு மற்ற விதத்தில் எழுதப்பட்ட ஸ்ரீரங்கம் அகப்படாது. ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடு தரத்தில் 2005ஆம் ஆண்டு, 4.1 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு ‘ஸ’வைக் கொண்டு எழுதுவதே முறையாக இருந்தது, அதன் பிறகு ‘ஶ’வைக் கொண்டு எழுதுவது முறையானது. இயங்குதளங்களும் எழுத்துருக்களும் ஒரே நாளில் மாறவில்லை. ஆகவே இரண்டு வழக்கும் நின்றுவிட்டன. திருவரங்கம் என்று எழுதுபவருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவிலிருந்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். போன்றவை இயங்குதளங்கள். புதிய பதிப்பு வந்தவுடன் மாறிவிடுவதா, பிழைகள் சரிசெய்யப்படும்வரை பொறுப்பதா என்ற கேள்வி உலகெங்கும் உண்டு. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு அது வேகம், விலை, வைரஸ், அச்சுப்பொறி ஆகியவை பற்றிய கேள்வி. தமிழில் வேலை செய்தவருக்கோ 1990களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வேறொரு கேள்வி முன்னால் நின்றது. நேற்றுத் தட்டச்சு செய்த கோப்பை நாளைக்குப் படிக்க முடியுமா என்பதுதான் அது. பழைய கோப்பு இல்லாதவர்கள் முதலில் மாறினார்கள். பழைய கோப்பை வைத்துப் பிழைத்தவர்கள் கடைசிவரை காத்திருந்தார்கள்.

இவ்விரு தரப்பும் அக்கம்பக்கமாக வாழும் நகரம் திருச்சிராப்பள்ளி. தூய வளனார் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக மாறிய என்.ஐ.டி., 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று மாணவர் கூட்டம் நிறைந்த ஊர். அதே ஊரில்தான் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் திருமணப் பத்திரிகை, கோயில் விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றை அச்சுக்குத் தயார் செய்யும் டி.டி.பி. மையங்களும் இருக்கின்றன.

எழுத்துருவே தரமாக இருந்த காலம்

1990களில் தமிழுக்கென்று இயங்குதளத்தில் எந்த வசதியும் கிடையாது. எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய 256 இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி பொருத்திக்கொண்டார்கள். பாமினி ஒரு விதம், வானவில் ஒரு விதம், ஸ்ரீலிபி ஒரு விதம். இணைய இதழ் நடத்தியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வாசகர்களுக்குத் தரவிறக்கக் கொடுத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் வரிசை. பழைய பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே ‘இது பாமினி’ என்று சொல்லிவிடும் தட்டச்சர்கள் இன்றும் உண்டு.

இந்த ஏற்பாட்டை இன்று குறை சொல்வது எளிது. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. எழுத்துருக் கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டால் போதும், விண்டோஸ் 95இலிருந்து விண்டோஸ் 98க்கு மாறினாலும் தமிழ் அப்படியே வரும். இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாததால் இயங்குதளம் மாறுவது தமிழைப் பாதிக்கவில்லை. அக்காலத்தில் சீக்கிரம் மாறுவதும் தாமதமாக மாறுவதும் பணப்பிரச்சினை மட்டுமே.

சிக்கல், கோப்பு கைமாறும்போதுதான் வந்தது. திருச்சியில் ஒரு எழுத்துருவில் தயாரான கட்டுரை சென்னையில் வேறு எழுத்துரு வைத்திருக்கும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனால் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், அல்லது மாற்றி ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

1999: தரம் வந்தது, ஆனால் எந்தத் தரம்?

இதற்கு ஒரு முடிவு கட்டவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தரமாக ஏற்றது. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. இரண்டுமே மேலே சொன்ன 256 இட முறையைச் சேர்ந்தவை. இணையத்தில் இயங்கிய ஆர்வலர்கள் இதற்கு இணையாகத் திஸ்கி என்ற இன்னொரு குறியேற்றத்தை வளர்த்து வந்தார்கள்.

யூனிகோடு தரத்தின் முதல் பதிப்பு 1991இலேயே வந்துவிட்டது. தமிழுக்கு அதில் தனி இடம் இருந்தது. பிறகு ஏன் 1999இல் அரசு பழைய முறையைத் தரமாக்கியது? அன்று மக்கள் கையில் இருந்த விண்டோஸ் 95, 98 இரண்டாலும் யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்ட முடியவில்லை. கையிலிருக்கும் கணினியில் இன்றைக்கே ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் வழக்கமாக எடுக்கும் எச்சரிக்கையான முடிவுதான் அது. ஆனால் 2000 பிப்ரவரி 17 அன்று விண்டோஸ் 2000 வெளிவந்தது. அதில் ‘லதா’ என்ற யூனிகோடு எழுத்துருவும் தமிழைக் காட்டும் வசதியும் இருந்தன. அரசின் தரத்துக்கு வயது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் அது பழைய இயங்குதளங்களின் தரமாகிவிட்டது. புதியதை ஏற்பதில் அவசரப்படாததற்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்க் கணினி வரலாற்றில் இல்லை. அந்த விலையைச் செலுத்த அடுத்த பதினோரு ஆண்டுகள் ஆயின.

‘கொ’ என்ற எழுத்தும் எக்ஸ்பியும்

யூனிகோடு முறையில் எழுத்துரு மட்டும் போதாது. ‘கொ’ என்பதைக் கணினி ‘க’ என்றும் ‘ஒ’கரக் குறி என்றும் இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்த உயிர்க்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ‘க’வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதி விண்டோஸில் ‘யூனிஸ்கிரைப்’. லினக்ஸின் நோம் மேசைத்தளத்தில் ‘பாங்கோ’. அது இல்லாத, அல்லது பழைய பதிப்பாக இருக்கும் இயங்குதளத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். ஆகவே யூனிகோடு வந்த பிறகு, தமிழைப் படிக்க முடிவதும் முடியாததும் இயங்குதளத்தின் வயதைப் பொறுத்ததாயிற்று. ‘எந்த எழுத்துரு?’ என்ற பழைய கேள்வி ‘எந்த விண்டோஸ்?’ என்று மாறியது.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதில் தமிழ் இருந்தது, ஆனால் ஒளிந்திருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, எக்ஸ்பியின் குறுவட்டைச் செருகி, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். பிரவுசிங் சென்டர் கணினிகளில் இதை யாராவது செய்திருந்தால் தமிழ்ப் பக்கங்கள் தெரியும்; இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக இருக்கும். குறுவட்டைக் கையோடு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். வீட்டுக் கணினிகளில் பல, கடைக்காரர் நிறுவிக்கொடுத்த உரிமமில்லாத பிரதியில்தான் ஓடின.

இணைய வேகமும் ஒரு தடை. எக்ஸ்பியின் இரண்டாவது சேவைத் தொகுப்பு 2004இல் வந்தது. முழுத் தொகுப்பாக இறக்கினால் சுமார் 266 மெகாபைட். தொலைபேசி வழி மோடத்தின் முழு வேகமான 56 கிலோபிட்டில் இறக்கினாலும் அதற்கு 11 மணிநேரம் ஆகும், நடுவில் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால். பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை 2005இல் தொடங்கியது. அதன் தொடக்கத் திட்டங்களிலும் மாத அளவு கறாராக வரையறுக்கப்பட்டிருந்தது. ‘முதல் சேவைத் தொகுப்பு வரட்டும், அப்புறம் மாறலாம்’ என்பது மேலைநாட்டுக் கணினி இதழ்கள் சொன்ன அறிவுரை. இங்கே சேவைத் தொகுப்பு வந்தாலும் வீட்டுக்கு வந்து சேராது. கணினி இதழோடு வரும் குறுவட்டில் வந்தால் உண்டு.

இந்தத் தடைகளை மீறி முதலில் மாறியவர்கள் யார்? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களும், அதே காலத்தில் வலைப்பதிவு தொடங்கியவர்களும். பெரும்பாலும் மாணவர்கள், மென்பொருள் பணியாளர்கள். காப்பாற்ற வேண்டிய பழைய தமிழ்க் கோப்பு அவர்களிடம் அதிகம் இல்லை. இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொண்டு நேராக யூனிகோடில் எழுதத் தொடங்கினார்கள். பழைய சொத்து வைத்திருந்தவர்களுக்கு இது அவ்வளவு எளிதாக இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் திஸ்கியில் வெளியிட்டது. பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி மறுபடியும் வெளியிட வேண்டியிருந்தது. தன்னார்வலர்களின் உழைப்பு இரண்டு முறை செலவானது.

2007: மூன்று வழிகள்

2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. தமிழைக் காட்டும் வசதி அதில் நிறுவும்போதே இயங்கியது. குறுவட்டைத் தேட வேண்டியதில்லை. தமிழை மட்டும் பார்த்தால் உடனே மாறியிருக்க வேண்டும். ஆனால் விஸ்டாவின் எளிய பதிப்புக்கே 512 மெகாபைட் நினைவகம் தேவை. எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டது. 256 மெகாபைட் கணினி வைத்திருந்தவர் இயங்குதளத்தோடு கணினியையும் மாற்ற வேண்டும். பழைய அச்சுப்பொறிகளுக்கும் வருடிகளுக்கும் இயக்கிகள் கிடைக்கவில்லை. உலகெங்கும் விஸ்டா வாங்கியவர்கள் எக்ஸ்பிக்குத் திரும்பினார்கள். மைக்ரோசாப்ட் எக்ஸ்பி விற்பனையை 2008 ஜூன்வரை நீட்டிக்க நேர்ந்தது.

எக்ஸ்பியிலேயே இருப்பது, விஸ்டாவுக்குப் போவது என்ற இரண்டு வழிகளுக்கு நடுவில், தமிழ்நாட்டில் மூன்றாவது வழி ஒன்று அரசின் பக்கமிருந்து வந்தது. அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினி கொள்முதல் செய்யும் நிறுவனம் எல்காட், அதாவது தமிழ்நாடு மின்னணு நிறுவனம். 1977இல் தொடங்கப்பட்டது. அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த இந்திய ஆட்சிப்பணி அதிகாரி சி. உமாசங்கர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் எல்காட்டை லினக்ஸுக்குத் திருப்பினார். முதலில் எல்காட்டின் சொந்த அலுவலகக் கணினிகள், பிறகு அரசுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணினிகள் என்ற வரிசை. தேர்ந்தெடுக்கப்பட்டது சூசே லினக்ஸ்; அலுவலகப் பயன்பாட்டுக்கு ஓப்பன் ஆபீஸ். உரிமக் கட்டணம், வைரஸ், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் நிலை ஆகிய மூன்றும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

ஊழியர்களைக் கட்டாயப்படுத்துவதற்கு முன் தலைமை அலுவலகம் தானே மாறிப் பார்த்ததுதான் இம்முடிவின் சிறந்த அம்சம். லினக்ஸில் தமிழும் அப்போது மோசமாக இல்லை. கே.டி.இ., நோம் மேசைத்தளங்களைத் தன்னார்வலர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்தே தமிழாக்கி வந்தார்கள். அரசு 1999இல் தரமாக அறிவித்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இலவசமாகக் கிடைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸின் முதல் பதிப்பும் 2007 ஜனவரியில் வெளிவந்தது.

மாணவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. உபுண்டு லினக்ஸை வெளியிட்ட கனோனிக்கல் நிறுவனம், கேட்டவர் முகவரிக்குக் குறுவட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பிவைத்தது. 2005இலிருந்து 2011வரை இது நடந்தது. 11 மணிநேரத் தரவிறக்கத்துக்கு எதிரான மிக எளிய விடை ஒரு தபால் உறைதான். வன்தட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி உபுண்டுவை நிறுவி, பிடிக்காவிட்டால் எக்ஸ்பிக்குத் திரும்பிவிடலாம். விடுதி அறையில் இருப்பவருக்கு இழப்பு ஒரு சாயங்காலம்.

அலுவலகத்துக்கு அப்படி இல்லை. வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் பத்து ஆண்டுக் கோப்புகள் வானவில்லிலோ வேறு எழுத்துருவிலோ இருக்கும். லினக்ஸில் அந்த எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். ஆனால் அதற்கான தட்டச்சு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. தட்டச்சர் கற்றதோ பழைய தட்டச்சுப்பொறியின் விசை வரிசை. இயங்குதளத்தை மாற்றும் ஆணை வந்தது. கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஆணை வரவில்லை. என் பார்வையில் எல்காட்டின் முயற்சி அலுவலகங்களில் முழுதாக வேர்பிடிக்காமல் போனதற்கு இந்த முன்பின் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். இயக்குநர் 2008இல் மாறியதை மட்டுமே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதை.

கேரளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், அந்தப் பத்தாண்டின் நடுவிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இடம் அலுவலகமல்ல, பள்ளிக்கூடம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், பொதுத்தேர்வு மூன்றும் லினக்ஸிலேயே நடந்தன. மாறுபவர்களிடம் பழைய கோப்பு இல்லை. அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2000களில் தொடங்கித் தன் அலுவலகக் கணினிகளில் ஏறத்தாழ 15,000ஐப் படிப்படியாக லினக்ஸுக்கு மாற்றி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. தமிழ்நாட்டிலும் பள்ளிப் பக்கம் ஒரு தொடக்கம் இருந்தது. 2005இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி முழுக்க ‘ஸ்டார் ஆபீஸ்’ பற்றியது. ஆனால் பள்ளியில் ஸ்டார் ஆபீஸ் படித்த மாணவர் வெளியே வந்து தட்டச்சு வேலைக்குப் போனால் அங்கே இருந்தது வேர்டும் பேஜ்மேக்கரும்.

சற்றே விலகி: ‘பெல்’ எழுத்தாளர்

கணினி, ஸ்ரீரங்கம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் தமிழ் வாசகருக்கு நினைவு வருபவர் சுஜாதா. இயற்பெயர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் படித்தவர். ‘பெல்’லில் வேலை பார்த்தவர் என்று சொன்னால் திருச்சிக்காரர்கள் திருவெறும்பூர் பாரத் மிகுமின் நிறுவனம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் வேலை பார்த்தது பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் அவருக்குப் பங்கு உண்டு.

அந்த இயந்திரத்தின் கதை நம் பொருளுக்கு நெருக்கமானது. 1982இல் கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. வாக்குச்சீட்டு என்று மட்டுமே சட்டத்தில் இருந்ததால் 1984இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலை ரத்து செய்து, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. முடிவே மாறிப்போனது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில்தான் எல்லாத் தொகுதிகளுக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்தில் பழுதில்லை. அதைச் சுற்றியிருந்த விதி தயாராகவில்லை. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். தமிழ்நாட்டு அரசு யூனிகோடுக்கு மாறியதைப் பார்க்க அவர் இல்லை.

2010 முதல் 2014 வரை

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதையொட்டி, ஜூன் 23 நாளிட்ட அரசாணை வழியாகத் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு சரியாக இயங்காத அச்சுப் பணிகளுக்கு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றம் மாற்றாக வைக்கப்பட்டது. இலவச எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் குறியேற்ற மாற்றியையும் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் தளத்தில் வழங்கியது. 1999இல் எடுத்த முடிவு இப்படித் திருத்தப்பட்டது. இந்த ஆணை 2006இல் வந்திருந்தால் எல்காட்டின் லினக்ஸ் வேறு விதமாக வரவேற்கப்பட்டிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியில் வென்று ஜெ. ஜெயலலிதா முதலமைச்சரானார். 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் திட்டமிடப்பட்டன. எந்த இயங்குதளம் என்பது ஒப்பந்தப்புள்ளிக் கட்டத்திலேயே சர்ச்சையானது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் லினக்ஸ் விடுபடக் கூடாது என்று குரல் கொடுத்தார்கள். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அமைந்த கணினிகள் மாணவர்கள் கைக்கு வந்தன. இயக்கியதும் எதில் நுழைவது என்று திரை கேட்கும். தமிழ்நாட்டு வரலாற்றில் இத்தனை பேரிடம் இயங்குதளத் தேர்வு ஒரே சமயத்தில் ஒப்படைக்கப்பட்டது அதுவே முதல் முறை. பெரும்பாலோர் தாம் ஏற்கெனவே பார்த்திருந்த விண்டோஸுக்குள் போனார்கள் என்பதில் வியப்பில்லை. நண்பரிடம் படம் வாங்கவும் விளையாட்டு நிறுவவும் அதுவே வசதி. 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் விண்டோஸையும் உபுண்டுவையும் அடுத்தடுத்துக் கற்பிக்கிறது.

2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. வந்தபோது யாரும் அவசரமாக ஏற்காத இயங்குதளம், போகும்போது 12 வயதைக் கடந்திருந்தது. வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களும் அதில்தான் ஓடின. தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, எக்ஸ்பிக்கு மாற்றாகப் பாஸ் லினக்ஸைப் பரிசீலிக்கும்படி துறைகளுக்கு அறிவுறுத்தியது. 2007இல் முன்னோடியாக எடுத்த முடிவு, ஏழு ஆண்டு கழித்து வேறு வழியில்லாத முடிவாகத் திரும்பி வந்தது.

அச்சகங்களில் நின்றுபோன கடிகாரம்

டி.டி.பி. மையங்கள் இந்த ஓட்டத்தில் சேரவில்லை. சோம்பல் அல்ல காரணம். அவர்கள் தொழிலின் உயிர்நாடி அடோபி பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0, 2001இல் வந்தது. அதற்கு யூனிகோடு தெரியாது. விஸ்டாவுக்கும் அதற்குப் பிந்திய விண்டோஸுக்கும் அடோபி அதைத் தழுவித் தரவில்லை. அடோபியின் புதிய மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012இல், சி.எஸ்.6 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு ஒரு டி.டி.பி. மையம் புதிய இயங்குதளத்துக்கு மாறியிருந்தால், தன் முக்கியக் கருவியை இழந்திருக்கும். பதிலுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

பழைய கோப்பின் மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கம் போன்ற ஊரில் விழா அழைப்பிதழ் ஆண்டுதோறும் திரும்ப வரும். பகல்பத்து, இராப்பத்து நாட்களின் வரிசையும், உபயதாரர் பெயர்களும், வாசக நடையும் சென்ற ஆண்டைப் போலவே இருக்கும். தேதியும் கிழமையும் மாறும். சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து திருத்தினால் அரை மணிநேர வேலை. திறக்க முடியாவிட்டால் முதலிலிருந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, மறுபடி வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி சரியாக வரும். தவறுவது வழக்கமாகக் கிரந்த எழுத்துகளில், அதாவது ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றில். வைணவ அழைப்பிதழில் ஒவ்வொரு வரியிலும் அவைதான் இருக்கும்.

ஆகவே பல மையங்களில் ஒரு சமரசம் உருவானது. மின்னஞ்சல், வாட்ஸ்அப், வண்ண அச்சு ஆகியவற்றுக்குப் புதிய விண்டோஸ் உள்ள கணினி ஒன்று. பேஜ்மேக்கருக்கு எக்ஸ்பி உள்ள பழைய கணினி ஒன்று. பழையதற்கு இணைய இணைப்புக் கிடையாது, ஆகவே வைரஸ் பயமும் குறைவு. வாடிக்கையாளர் யூனிகோடில் அனுப்பும் வாசகம் புதிய கணினியில் மாற்றப்பட்டு, பென்டிரைவில் பழையதற்குப் போய், அங்கே பக்கமாகி, பி.டி.எப். கோப்பாகத் திரும்பி வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் மறுபடியும் எக்ஸ்பி காலத்துக் கேள்வியின் முன் நிற்கின்றன. ஆனால் இம்முறை தமிழ்க் கோப்பு பற்றிய பயம் இல்லை. யூனிகோடில் எழுதியது எதிலும் திறக்கும். ‘ஸ்ரீ’ மட்டும் இன்னும் இரண்டு விதமாகவே இருக்கிறது.